மாரத்தானுக்கு ஒரு பேரன்

“உன் சிநேகிதன் மீனாஸ் மறுபடியும் போன் பண்ணினான். பேரைச் சொன்னாத்தான் ஞானஸ்நான ரிப்பன்ல அச்சடிக்க முடியுமாம். நான் என்ன பதில் சொல்ல?”

குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடியே இஸ்மீனி கேட்டாள். லூக்காஸ் காலுறையைத் தேடுகிறவனைப் போலக் கட்டிலுக்கடியில் குனிந்தான். இரண்டு காலுறைகளும் அவன் காலில்தான் இருந்தன.

“ஞானஸ்நானத்துக்கு இன்னும் நாள் இருக்கே.”

“மூணு வாரம்! பொறந்ததுலேருந்து ‘பாப்பா’ன்னே கூப்பிட்டுக்கிட்டிருக்கோம். எதிர்வீட்டு நாய்க்குக்கூட ஒரு பேரு இருக்கு.”

ஞானஸ்நானத் தொட்டியில் இறங்கும் வரைக்கும் அந்த ஊரில் எந்தக் குழந்தைக்கும் பெயர் கிடையாது. அதுவரை எல்லாக் குழந்தையும் பாப்பாதான். அந்த வழக்கத்தில் லூக்காஸுக்குக் குறை ஒன்றுமில்லை. அவனை வாட்டியது அடுத்த வழக்கம். முதல் பையனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயரைத்தான் வைக்க வேண்டும். லூக்காஸுடைய அப்பாவின் பெயர் மாரத்தான்.

அவர்கள் குடியிருந்த ஊரின் பெயரும் மாரத்தான்தான். நவம்பர் மாதத்தில் அங்கிருந்து கிளம்பி ஏதென்ஸ் வரைக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் ஓடுகிறார்களே, அந்த ஓட்டத்தின் பெயரும் அதுவே. லூக்காஸின் தாத்தா சின்ன வயதில் கடல் தாண்டி அகதியாக வந்து இறங்கியவர். ‘எனக்குச் சோறு போட்ட மண்ணு’ என்று சொல்லிச் சொல்லி உருகி, கடைசியில் தன் ஒரே மகனுக்கு ஊரின் பெயரையே வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

இஸ்மீனிக்கு அந்தச் சொல்லே ஆகாது. அதற்குக் காரணம் இருந்தது. அவளுக்கு வலி கண்டது ஓட்டம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமை காலையில். ஏதென்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போகிற நெடுஞ்சாலையில் தடுப்பு போட்டிருந்தார்கள். “இன்னைக்கு மாரத்தான்மா. வண்டி போகாது” என்றார் போலீஸ்காரர். “அதை உள்ள இருக்கறவன்கிட்ட நீயே சொல்லு!” என்று இஸ்மீனி கத்தினாள். அவளுடைய கார் கண்ணாடிக்கு வெளியே உலகமே அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டே ஓடியது. ஒருவன் வாத்து வேஷத்தில் ஓடினான். லூக்காஸ் மலைப்பாதையில் சுற்றிக்கொண்டு போனான். ஒவ்வொரு வளைவிலும் அவள் அவனுடைய குடும்பத்தார் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பெயர் சொல்லித் திட்டினாள். பிறகு ராத்திரி முழுக்க வலி. மறுநாள் குழந்தை பிறந்ததும் நர்ஸ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “அம்மாடி, இதுதான் மாரத்தான் பிரசவம்!” என்று சிரித்தாள்.

“அந்த வலிக்கு என்ன பேரோ, அதையே என் பிள்ளைக்கும் வைக்கணுமா?” என்று இஸ்மீனி இப்போது கேட்டாள். “பள்ளிக்கூடத்துல ‘ஓடுடா ஓடுடா’ன்னு துரத்தியே கொன்னுடுவாங்க. நான் பாலர் பள்ளியில வேலை பாக்கறவ. எனக்குத் தெரியாதா? அந்தப் பேருன்னா சொல்லிடு, நான் பாப்பாவைத் தூக்கிக்கிட்டு பாட்ராஸுக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிடறேன்.”

“அப்பாகிட்ட நான் என்னன்னு சொல்ல, இஸ்மீனி? அவருக்கு நம்மள விட்டா யாரு இருக்கா?”

பெரியவருக்கு அந்தப் பெயரின்மேல் எவ்வளவு ஆசை என்பது லூக்காஸுக்கு நேரடியாகத் தெரியும். குழந்தை பிறந்த அன்று காப்பிக் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் அவர் தன் செலவில் காப்பி வாங்கிக் கொடுத்தார். “அப்போ புது மாரத்தான் வந்தாச்சு!” என்று யாரோ கூவினார்கள். பெரியவர் மேற்கூரையைப் பார்த்தார். “வேற என்ன பேரு வைக்கப்போறாங்க?” என்று சொல்லி ஒரு பெருமூச்சு விட்டார் பாருங்கள், மேசையில் இருந்த காகிதக் கைக்குட்டை பறந்துபோய்ப் பக்கத்து மேசையில் விழுந்தது. மனதுக்குள் எத்தனை ஆசை தேங்கிக் கிடந்தால் ஒரு மனிதருக்கு அப்படி ஒரு மூச்சு வரும்!

அதனால் லூக்காஸ் ஒரு முடிவுக்கு வந்தான். பெயரை மாற்ற முடியாது. பெயரைப் பற்றி இஸ்மீனி நினைப்பதைத்தான் மாற்ற வேண்டும்.

அவன் காய்கறி நாற்றுப் பண்ணை வைத்திருந்தான். மறுநாள் மத்தியானம் சாலையோரத்தில் மண்டிக்கிடந்த காட்டுப் பெருஞ்சீரகத்தில் ஒரு கட்டு பறித்துக்கொண்டு, ஏதோ பூச்செண்டு கொண்டுவருகிறவன்போல் வீட்டுக்குள் நுழைந்தான்.

“இது என்ன?”

“இதுதான் மாரத்தான்!”

இஸ்மீனி செடியைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

“அந்தச் சொல்லுக்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தமே கிடையாது இஸ்மீனி! அந்தக் காலத்துல இந்தச் சமவெளி முழுக்க இந்தச் செடிதானாம். செடியால ஊருக்குப் பேரு. ஊர்லேருந்து ஒருத்தன் ஓடினதால ஓட்டத்துக்குப் பேரு. மூலத்துல பாத்தா பச்சைப்பசேல்னு, வாசனையா, எவ்வளவு நல்ல பேரு! மோந்து பாரேன்.”

“அப்போ என் பிள்ளை பேரு பெருஞ்சீரகம்.”

“அப்படிச் சொல்லாதே.”

“நீதானே சொன்னே?”

மேசைமேல் இருந்த போனிலிருந்து ஒரு குரல் வந்தது. பாட்ராஸில் இருக்கும் மாமியார் இத்தனை நேரமும் அந்தப் பக்கத்தில் இருந்திருக்கிறார்.

“இஸ்மீனி, பெருஞ்சீரகம்னா வயித்து உப்புசத்துக்குக் கஷாயம் வைப்போமே, அதுவா?”

“அதேதாம்மா.”

“பையனுக்கு உப்புசக் கஷாயம். அடுத்தது பொண்ணாப் பொறந்தா கொத்தமல்லியா மாப்பிள்ளை?”

லூக்காஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். அன்று சாயங்காலம் இஸ்மீனி அதிலிருந்தே கொஞ்சம் கிள்ளி மீனுக்குப் போட்டாள். சாப்பிடும்போது ஒவ்வொரு கவளத்துக்கும், “மாரத்தான் நல்லா வெந்திருக்கா?” என்று கேட்டாள்.

செடி உதவாது என்று தெரிந்துவிட்டது. லூக்காஸ் தன் பால்ய நண்பன் மீனாஸைப் பிடித்தான். குழந்தைக்கு ஞானத்தகப்பன் ஆகப்போகிறவன் அவன்தான். தனிப்பயிற்சி நிலையத்தில் சரித்திரம் சொல்லிக் கொடுத்தான். கேட்காதவர்களுக்கும் சொல்லிக் கொடுப்பான்.

“செடியா? செடியை ஏன்டா சொன்னே?” என்று மீனாஸ் தலையில் அடித்துக்கொண்டான். “அந்தப் பேருல ஒரு வீரன் இருந்தான்! அவன் பேரைத்தான் ஊருக்கு வச்சாங்கன்னு ஒரு கதை இருக்கு. ஆர்க்காடியாவிலேருந்து படையோட வந்தவன்…”

“வீரனா!”

‘வீரன்’ என்ற சொல்லைக் கேட்டதுமே லூக்காஸ் வண்டியைக் கிளப்பிவிட்டான். மீனாஸ் பின்னாலிருந்து ஏதோ கத்தினான். லூக்காஸ் வழியில் வண்டியை நிறுத்தி, அவனிடம் மிச்சக் கதையைப் போனில் கேட்டுக்கொண்டான். கேட்கக் கேட்க, வண்டியைப் போலவே அவன் உற்சாகமும் நின்றுபோனது.

“வீரனா?” இஸ்மீனியின் முகத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. மடியில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள். “பரவாயில்லையே. என்ன பண்ணினான் அந்த வீரன்?”

“பெரிய படையோட வந்தான்.”

“வந்து?”

“யாராவது ஒருத்தர் தன்னையே பலி கொடுத்தா ஜெயிக்கலாம்னு குறி சொன்னாங்க. இவன் தைரியமா முன்னால வந்து…”

“லூக்காஸ்.”

“…நானே போறேன்னான்.”

இஸ்மீனி குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். மூன்று தடவை துப்பித் திருஷ்டி கழித்தாள். “சண்டை போட்டாவது செத்தானா?”

“சண்டைக்கு… கொஞ்சம் முன்னாடியே.”

“இந்த ஊர்லேருந்து ஏதென்ஸுக்கு ஓடிப்போய்ச் சேதி சொன்னானே ஒருத்தன், அவனும் ‘ஜெயிச்சிட்டோம்’னு சொன்ன கையோட செத்துட்டான். இவன் ஜெயிக்கறதுக்கு முன்னாடியே செத்துட்டான். அந்தப் பேரைத் தொட்டவன்ல உயிரோட இருக்கறது உன் பெருஞ்சீரகம் ஒன்னுதான். அதையும் நாம அறுத்துத் தின்னுட்டோம்!”

“இன்னொரு கதையும் இருக்கு! அதுல அவன் சாகவே இல்ல!” லூக்காஸ் பதறிப்போய்ச் சொன்னான். “அவனோட அப்பா ரொம்பப் பொல்லாதவர். அவர் பண்ணின அநியாயம் தாங்க முடியாம, அப்பாவே வேண்டாம்னு வீட்டைவிட்டு ஓடிவந்து, இந்தக் கடற்கரையில குடியேறி…”

“யாரு ஓடிவந்தது?”

வாசலில் பெரியவர் மாரத்தான் நின்றார். தோட்டத்திலிருந்து நேராக வந்திருக்கிறார். கை நிறைய லெட்யூஸ் கீரை. பூட்சில் மண்.

“ஒன்னுமில்லப்பா. பழைய கதை. மாரத்தான்னு ஒருத்தன். அப்பாவைவிட்டு ஓடிட்டானாம்.”

பெரியவர் கீரையை மேசைமேல் வைத்தார்.

“கெட்டிக்காரன்” என்று சொல்லிவிட்டு வந்த வழியே போய்விட்டார்.

“பாத்தியா?” லூக்காஸ் நாற்காலியில் சரிந்தான். “மனசு எவ்வளவு புண்பட்டிருந்தா அப்படிச் சொல்வார்!”

அன்றிலிருந்து லூக்காஸின் தலைக்குள் அந்தச் சொல் நிற்காமல் சுற்றியது. தக்காளி நாற்றைப் பையில் போடும்போது சுற்றியது. காசு வாங்கும்போது சுற்றியது. செடி, ஊர், வீரன், பலி, ஓட்டம், வலி, அப்பா. தொலைக்காட்சியைப் போட்டால், மந்திரிகளும் மீனவர்களும் விடிய விடிய மாரத்தான் பேச்சுவார்த்தை நடத்துவதாகச் செய்தி. அங்கேயும் முடிவு எட்டப்படவில்லையாம். கத்தரி நாற்றுக் கேட்ட ஒரு அம்மாளிடம் அவன், “பெரிய மாரத்தானா, சின்ன மாரத்தானா?” என்று கேட்டுவிட்டான். அந்த அம்மாள் பக்கத்துப் பண்ணைக்குப் போய்விட்டார்.

இனிமேல் சுற்றி வளைப்பதில் பயனில்லை. அப்பாவிடம் நேரே போய், ‘அந்தப் பேரு வேண்டாம்ப்பா’ என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்து அவருடைய பசுமைக்குடிலுக்குப் போனான். பெரியவர் உள்ளே ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து வெள்ளரிக் கொடிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். ஓட்டம் நடக்கிற வாரத்தில் அவர் பகல் முழுக்க இங்கேதான் இருப்பார். மாரத்தானில் மாரத்தான் என்றே ஒரு ஆள் இருப்பதை யாராவது சொல்லிவிட, வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு தேடி வருவார்கள். ஓடுவதுபோல் கையைக் காலைத் தூக்கச் சொல்வார்கள். அவருக்கோ முழங்காலில் வலி. ‘அப்பாவுக்கு விளம்பரம் பிடிக்காது’ என்று லூக்காஸ் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லுவான்.

“பேரு விஷயம் என்னாச்சு?” என்று பெரியவரே ஆரம்பித்தார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

“பேசிக்கிட்டிருக்கோம்ப்பா.”

“உன் பெண்டாட்டிக்குப் பிடிக்கலேன்னா சொல்லிடு லூக்காஸ். நான் ஒன்னும் நினைச்சுக்க மாட்டேன்.”

ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன் என்று பெற்றவர்கள் சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று பிள்ளைகளுக்குத் தெரியாதா? போதாததற்கு அவர் கட்டி முடித்த கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். லூக்காஸ் மனதில் தயாராக வைத்திருந்த வாக்கியம் அப்படியே ஆவியாகிப் போயிற்று.

“பிடிக்கலையா? யாரு சொன்னது? அவளுக்கு ரொம்ப சந்தோஷம்ப்பா! அவதான் இந்தப் பேரே வேணும்னு ஒத்தைக்கால்ல நிக்கறா!”

பெரியவர் கையிலிருந்த கயிறு விழுந்தது.

“இஸ்மீனியா?”

“ஆமாம்ப்பா!”

“நிஜமாவா?”

“சத்தியமா!”

பெரியவர் எழுந்தார். ஏற்கெனவே நனைந்துகிடந்த பாத்திக்கு மறுபடியும் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் ஓடுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். சந்தோஷத்தில் மனிதருக்குப் பேச்சே வரவில்லை என்று லூக்காஸ் நினைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரியவர் வழக்கம்போல் மகன் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். எலுமிச்சை பிழிந்த உருளைக்கிழங்கும் ஆட்டுக்கறியும் அவருக்கு உயிர். அன்று தட்டில் கையையே வைக்கவில்லை.

“இஸ்மீனி, ஒன்னு கேக்கணும்மா. பேரு விஷயத்துல நீ ரொம்ப சந்தோஷமா இருக்கியாமே? ஒத்தைக்கால்ல நிக்கறியாமே?”

இஸ்மீனியின் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. அவள் லூக்காஸைப் பார்த்தாள். லூக்காஸ் உப்பு டப்பாவை எடுத்து அதில் எழுதியிருந்ததை அக்கறையாகப் படித்தான்.

“அது… உங்களுக்குச் சந்தோஷம்னா எனக்கும்தான் மாமா” என்றாள் அவள். வயதானவர் முகத்துக்கு நேரே வேறு என்ன சொல்வாள்?

“எனக்கா? நான் என்னம்மா… எனக்கு என்ன…” என்று பெரியவர் தொடங்கினார். அந்த நேரம் பார்த்துக் குழந்தை வீறிட்டது. அதைச் சமாதானப்படுத்தி முடிப்பதற்குள் பெரியவர் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கதவு சாத்திய சத்தம் கேட்டதும் இஸ்மீனி திரும்பினாள்.

“ஒத்தைக்கால்லயா நின்னேன் நான்?”

“வேற வழி தெரியல…”

“எனக்குத் தெரியும் வழி. பாட்ராஸுக்குப் போற வழி. சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள நீயா உங்கப்பாகிட்ட உண்மையைச் சொல்லலேன்னா, ஞானஸ்நானத்தைத் தொட்டியை மட்டும் வச்சு நடத்திக்கோ!”

சொன்னதோடு நிற்கவில்லை. பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் திறந்து வைத்தாள். குழந்தையின் குட்டிச் சட்டைகள் அதற்குள் போக ஆரம்பித்தன. லூக்காஸ் முதல் தடவையாக நிஜமாகவே பயந்தான்.

கடைசியில் அவனுக்குக் கடவுளே கை கொடுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை பாதிரியார் பைசியோஸ் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். ஊருக்கு அவர் புதிது, விதிமுறைகளில் கறார்.

“மாரத்தான்னு ஒரு புனிதர் கிடையாது” என்றார் தாடியைத் தடவிக்கொண்டே. “ஓட்டப் பந்தயம் பேரு, செடி பேரு, சிலையைக் கும்பிட்டவங்க காலத்துப் பேரு, இதெல்லாம் என் தொட்டியில நடக்காது. ஒழுங்கா ஒரு கிறிஸ்தவப் பேரு கொண்டு வா.”

லூக்காஸ் பாதிரியாரின் கையில் முத்தம் கொடுத்தான். திரும்பவும் கொடுத்தான். வயதான கறார்க்காரர் கையை இழுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இப்போது குற்றம் யார்மேலும் இல்லை! மனைவி வேண்டாம் என்று சொல்லவில்லை, மகன் வேண்டாம் என்று சொல்லவில்லை, சபையல்லவா சொல்கிறது! லூக்காஸ் இஸ்மீனியையும் குழந்தையையும் கையோடு கூட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போனான். விஷயத்தைச் சொன்னான்.

“பாதிரியாரா?” என்றார் பெரியவர். “முடியாதுன்னு சொல்லிட்டாரா? முடிவாவா?”

“முடிவாப்பா. என்னை மன்னிச்சிடுங்க.”

“சபைச் சட்டம்னா நாம என்னடா பண்ண முடியும்?”

சொல்லிவிட்டுச் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. நிற்காமல் குலுங்கின. சத்தம் மட்டும் வெளியே வரவில்லை.

இஸ்மீனியால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. லூக்காஸின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் கண்ணில் தண்ணீர்.

“அந்த மனுஷன் அழறார் லூக்காஸ். நமக்குத் தெரியக்கூடாதுன்னு சுவரைப் பாத்து அழறார்.”

“போகட்டும் விடு. நாலு நாள்ல சரியாயிடுவார். உனக்கு வேணும்கிறபடியே ஆயிடுச்சே.”

“எனக்கு வேணும்கிறபடியா?” இஸ்மீனிக்கு மூக்கு சிவந்தது. “இந்தக் கோவில்ல, இதே தொட்டியில, ஞானஸ்நானம் பண்ணி வச்ச பேருதானே அது? நேத்து வந்த ஒருத்தர் எங்க மாமா பேரைக் கேவலமாப் பேசுவார், நாம கேட்டுக்கிட்டு வரணுமா? நான் ஆயிரம் சொல்லுவேன். நான் இந்த வீட்டு மருமக. அவர் யாரு சொல்றதுக்கு?”

“இஸ்மீனி, நில்லு. எங்கே போறே? இஸ்மீனி!”

குழந்தையை அவன் கையில் திணித்துவிட்டு அவள் கோவிலை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். நடந்தாள் என்று சொல்வதைவிட ஓடினாள் என்பதே சரி. லூக்காஸ் போய்ச் சேர்ந்தபோது, பாதிரியார் மெழுகுவர்த்திப் பெட்டிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார்.

“என் பேரு இஸ்மீனி. அது எந்தப் புனிதர் பேரு சாமி? சொல்லுங்க!”

“அம்மா, அது வந்து…”

“சொந்தப் புனிதர் இல்லாதவங்களுக்காகத்தானே எல்லாப் புனிதர் ஞாயிறுன்னு ஒரு நாள் இருக்கு? அன்னைக்குத்தானே நான் பேர்த்திருநாள் கொண்டாடறேன்? அத்தனை புனிதருக்கு நடுவுல எங்க மாமாவுக்கு ஒரு இடம் இருக்காதா? இருந்ததாலதானே உங்களுக்கு முன்னாடி இருந்த சாமி வச்சார்? அவர் என்ன, பாவியா?”

கொஞ்ச நேரத்தில் பாதிரியார் எல்லாவற்றுக்கும் சம்மதித்துவிட்டார். இஸ்மீனி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“மீனாஸுக்குப் போன் போடு. ரிப்பன்ல பேரை அச்சடிக்கச் சொல்லு.”

“என்ன பேரு?” என்று லூக்காஸ் கேட்டான். அவனுக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

“மாரத்தான்! வேற என்ன? இவ்வளவு நாளா என்ன பேசிக்கிட்டிருக்கோம்?”

சனிக்கிழமை பாட்ராஸ் பெட்டியிலிருந்து குட்டிச் சட்டைகள் ஒவ்வொன்றாக அலமாரிக்குத் திரும்பின. சேதியைப் பெரியவரிடம் இஸ்மீனியே போய்ச் சொன்னாள். அவர் வாயைத் திறந்து மூடினாராம். அவளுடைய தலையில் கையை வைத்து, “நல்ல பொண்ணும்மா நீ. ரொம்ப நல்ல பொண்ணு” என்றாராம். “நான் எவ்வளவு கல்நெஞ்சுக்காரியா இருந்திருக்கேன்” என்று அதைச் சொல்லிச் சொல்லி மூக்கை உறிஞ்சினாள்.

ஞானஸ்நானத்தன்று கோவில் நிறைந்திருந்தது. வழக்கப்படி இஸ்மீனி உள்ளே வராமல் முற்றத்து ஆலிவ் மரத்தடியில் பெண்களோடு காத்திருந்தாள். உள்ளே பெயரை அறிவித்ததும் சிறுசுகள் ஓடிவந்து தாயிடம் சொல்ல வேண்டும். முதலில் வந்து சேர்ந்து சொல்வது யாரோ அவருக்குத் தாய் காசு கொடுப்பாள். பத்துப் பன்னிரண்டு பொடிசுகள் கதவுப்பக்கம் ஒரு காலை முன்னால் வைத்துத் தயாராக நின்றார்கள்.

பெரியவர் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். அவருக்குப் பக்கத்தில் அவருடைய அக்கா கல்லியோபி. அன்று காலை பஸ்ஸில்தான் வோலோஸிலிருந்து வந்து இறங்கியிருந்தாள். தினமும் சாயங்காலம் தம்பியோடு போனில் பேசாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. சடங்கு தொடங்குவதற்கு முன்பே சர்க்கரை பூசிய வாதுமைப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

குழந்தையைக் கையில் வைத்திருந்த மீனாஸின் கோட்டு நுனியைப் பெரியவர் பிடித்து இழுத்தார்.

“மீனாஸ், பேரு சொல்றது ஞானத்தகப்பன் உரிமை. உன் வாய்க்கு என்ன வருதோ அதைச் சொல்லுப்பா. யோர்கோஸ், யானிஸ், எதுவானாலும் சரி. உன்னை யாரும் கேக்க முடியாது.”

மீனாஸின் கண்கள் பனித்தன. “என்ன ஒரு பெருந்தன்மை!” என்று லூக்காஸின் காதில் கிசுகிசுத்தான். “கடைசி நிமிஷத்துலகூட விட்டுக்கொடுக்கப் பாக்கறார்டா. நான் விடுவேனா?”

பாதிரியார் எண்ணெய்க் கையை உயர்த்தினார். “குழந்தையின் பெயர்?”

“மாரத்தான்!” என்று மீனாஸ் கூரை அதிரக் கத்தினான்.

கதவுப்பக்கம் நின்ற பொடிசுகள் பாய்ந்தார்கள். ஒருவன் மெழுகுவர்த்தி மேசையைத் தள்ளிவிட்டுப் போனான். முற்றத்திலிருந்து “மாரத்தான்! மாரத்தான்!” என்று கூச்சல் கேட்டது, பெண்கள் கை தட்டினார்கள். எண்ணெயும் தண்ணீருமாகக் குழந்தை அலறியது. “நீடு வாழட்டும்! பேரை விளங்க வைக்கட்டும்!” என்று வாழ்த்து நாலு பக்கமும் எழுந்தது.

பெரியவர் மாரத்தான் அழுதார். இந்தத் தடவை சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் பார்க்க, கன்னம் வழிய, தாடை நடுங்கத் தேம்பித் தேம்பி அழுதார். உள்ளே வந்த இஸ்மீனி ஓடிப்போய் அவர் கையை எடுத்து முத்தமிட்டாள். அவர் அவளுடைய தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இன்னும் பலமாக அழுதார். பார்த்த பெண்களும் அழுதார்கள். கறார்ப் பாதிரியார்கூட மூக்கைச் சிந்தினார்.

லூக்காஸுக்கு நெஞ்சு விம்மியது. ஆறு மாதக் குழப்பமும் அந்த ஒரு நொடியில் கரைந்துபோனது. பெண்டாட்டியும் போகவில்லை, அப்பாவும் போகவில்லை. பக்கத்தில் நின்ற அத்தையின் தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டான்.

“பாத்தீங்களா அத்தை? சந்தோஷத்துல அப்பா எப்படி அழறார்னு!”

“சந்தோஷமா?” அத்தை கல்லியோபி வாதுமையைக் கடக்கென்று கடித்தாள். “அட மக்குப் பயலே! எழுபது வருஷமா ‘ஓடு, ஓடு’ன்னு ஊரே கேலி பண்ணின பேருடா அது. தானா வேண்டாம்னா செத்துப்போன எங்கப்பாவை அவமதிச்ச மாதிரி ஆயிடும்னு, இந்தக் குடும்பத்துல யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து வேண்டாம்னு சொல்லிடணும்னு ஆறு மாசமா தினம் மெழுகுவத்தி ஏத்தி வேண்டிக்கிட்டிருந்தான்டா உங்கப்பன்!”